ஒரு தூக்கம் போட்டா சரியாயிடும்

1

என் தங்கை மகள் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, மண்டபத்தில் பெண்ணழைப்பு நடந்துகொண்டிருக்கும்போது, தாய்மாமனாகிய நான் படுத்துத் தூங்கிவிட்டேன் என்பது பெரம்பலூரில் இன்னும் பேச்சாக ஓடுகிறதாம். தங்கை செல்வி போனில் சொன்னாள். எங்கள் நடேசன் சித்தப்பா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "ஏரோப்ளேன் புடிச்சு வந்து தூங்குனவன்டா அவன். அங்க மெத்தை கெடைக்கல போலருக்கு" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாராம்.

"நீ இதுக்கெல்லாம் கவலப்படாதண்ணே" என்றாள் செல்வி.

"நான் கவலப்படலம்மா" என்றேன்.

சொல்லிவிட்டுப் போனை வைத்த பிறகு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நான் கவலைப்படாத நேரம் என்று ஒன்று கிடையாது. கடை அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் இறங்கி அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போகிற ஆள் நான். வானம் நன்றாக இருந்தால், இது எத்தனை நாளைக்கோ என்று கவலைப்படுவேன். அப்படிப்பட்டவனுக்கு இந்த ஒரு விஷயத்தில் நிஜமாகவே கவலை இல்லை. அந்தத் தூக்கத்தை நினைத்தால் வயிறு குளிர்ந்த மாதிரி இருக்கிறது. அது ஏன் என்று ஊரில் இருக்கிறவர்களுக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் சேகர். விக்கிரமங்கலத்தில் எட்டாவது வரைக்கும் படித்தேன். அதற்கு மேல் படிப்பு ஏறவில்லை என்று சொல்வார்கள். வீட்டுக்கு வேலைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது என்பதுதான் நடந்தது. ஆகையால் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது மெல்போர்னில், ஊருக்கு மேற்கே ஒரு பகுதியில், நம் ஊர்ச் சாப்பாடு போடும் கடையில் தோசை மாஸ்டராக இருக்கிறேன். மனைவி மலர் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் வேலை செய்கிறாள். மகள் கயல் பள்ளி கடைசி வகுப்பை நெருங்கிவிட்டாள். எனக்கு பைபோலார் என்கிற மனநோய் உண்டு. இந்தக் கடைசி வாக்கியத்தை ஊர்க்காரர்கள் படிக்கிற இடத்தில் எழுதுவது இதுதான் முதல் தடவை.

2

அந்த நோய் வந்தபோது அது நோய் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். ஆலத்தியூரில் சிமென்ட் ஆலைக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டராக இருந்தேன். ஆலையில் ஷிப்ட் மாறும்போதெல்லாம் ஆட்கள் வந்து உட்காருவார்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்கு இட்லி, போகிறவனுக்குப் பரோட்டா. கல் ஆறுவதே இல்லை.

ஒரு சமயம் எனக்குத் தூக்கம் தேவைப்படாமல் போய்விட்டது. கொஞ்ச நேரம் மூட்டை மேல் சாய்ந்து எழுந்தால் எட்டு மணி நேரம் தூங்கியவன் மாதிரி இருக்கும். எல்லா ஷிப்ட்டுக்கும் நானே கல்லில் நின்றேன். கொத்துப் பரோட்டாவை ஆளுக்கு ஒரு தாளத்தில் கொத்திக் கொடுத்தேன். முதலாளி, "சேகரு ஆளு இல்லடா, மெசினு" என்று எல்லாரிடமும் காட்டினார். மூன்று நாள் தூங்காமல் வேலை பார்க்கிறவனை எங்கள் பக்கம் யாரும் டாக்டரிடம் கூட்டிப் போவதில்லை. கூலியை ஏற்றித் தருவார்கள்.

அப்புறம் பேச்சு வேகமாகியது. ஆலத்தியூரிலிருந்து அரியலூர் வரைக்கும் ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலும் ஒரு டீக்கடை போடப் போகிறேன் என்று சுண்ணாம்புக்கல் லாரி டிரைவர்களைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். நல்லவர்கள், சரி சரி என்று டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். ஒரு நாள் எல்லாம் நின்றுபோயிற்று. பாயில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அப்போது பகலும் தூக்கம், இரவும் தூக்கம். அதற்கும் ஊரில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள், சோம்பேறி என்று.

செல்வி அப்போதுதான் கல்யாணம் ஆகிப் பெரம்பலூர் போயிருந்தாள். கேள்விப்பட்டு வந்தவள், வாசலில் வேப்பிலையும் திருநீறுமாக நின்ற பூசாரியைப் பார்த்துவிட்டு, "நீங்க பூசுங்கய்யா, நான் வேணாங்கல. பூசிட்டு வுடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று என்னைத் திருச்சிக்கு அழைத்துப் போனாள். அங்கே டாக்டர்தான் பெயரைச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் செல்வி கேட்டாள்:

"என்னமோ பைப்பு வியாதின்னாரே, அது என்னாண்ணே?"

"பைப்பு இல்லம்மா, பைபோலார்."

"அதான். ஒரு நேரம் பைப்பு முழுசாத் தொறந்துக்குது, ஒரு நேரம் சொட்டுத் தண்ணி வரமாட்டேங்குது. அதுக்கு வாசர் மாத்தணும்னு மாத்திரை குடுத்துருக்காரு. இதுக்கு ஏன் மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டுக்கிட்டு வர?"

அதற்குப் பிறகு எத்தனையோ டாக்டர்கள் எனக்குப் படம் போட்டெல்லாம் விளக்கியிருக்கிறார்கள். செல்வி சொன்னதுதான் மனதில் நிற்கிறது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் அது பைப்பு வியாதிதான். ஆனால் வீட்டைத் தாண்டி அந்தப் பேச்சு போகாது. சம்பந்தம் பேச வருகிறவர்கள் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். தலைவலி மாத்திரை, பிரஷர் மாத்திரை என்று இருபது வருஷமாக ஏதேதோ சொல்லிச் சமாளித்துவிட்டோம்.

3

இங்கே என் வாழ்க்கை மாவு அரைக்கிற மெஷின் மாதிரி. காலை வேலை மட்டும்தான் செய்வேன் என்று கடையில் சொல்லித்தான் சேர்ந்தேன். சாயங்காலம் வீடு. சாப்பாடு, மாத்திரை, பத்து மணிக்குப் படுக்கை. நேரம் தவறினால் நோய் எட்டிப் பார்க்கும் என்பதால் மலர் அதில் போலீஸ்காரி. எங்கேயாவது பிறந்தநாள் விருந்துக்குப் போனால் கேக் வெட்டுகிறதற்கு முன்னாலேயே எழுந்து வந்துவிடுவோம். "அவுங்க வருவாங்க, பிரியாணி தின்பாங்க, போயிடுவாங்க" என்று எங்களுக்கு இங்குள்ள தமிழர்களிடம் ஒரு பெயர் உண்டு.

ஊருக்குப் போவதென்றால் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் மாத்திரைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். மருந்துச் சீட்டு, அதற்கு மேல் டாக்டர் கடிதம், மாத்திரையைப் பெட்டியிலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஒரு விதி. ஒரு தடவை ஏர்போர்ட்டில் ஓர் அதிகாரி டப்பாவைத் தூக்கிப் பார்த்து "இது எதற்கு?" என்று கேட்டார். மூட் என்று சொல்ல நினைத்து "ஃபுட்" என்று சொல்லிவிட்டேன். அவர் நேராக என் ஊறுகாய்ப் பையைத் திறந்தார்.

கயலோடு பேசுவதும் கிட்டத்தட்ட அந்த நிலைமைதான். சின்னப் பிள்ளையில் வாய் ஓயாமல் தமிழ் பேசியவள், இப்போது நான் நாலு வரி பேசினால் "ம்" என்பாள். கொஞ்சம் பெரிய விஷயமென்றால் "ஓகேப்பா". அவள் பேசுகிற இங்கிலீஷ் எனக்கு ஓடுகிற ரயிலில் போர்டு படிக்கிற மாதிரி. பிள்ளை கைவிட்டுப் போகிறாளே என்ற கவலையையும் என் கவலை மூட்டையில் கட்டி வைத்திருந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் செல்வி கூப்பிட்டாள். மகள் அபிக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது, எறையூர்ப் பையன், அப்பா சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் பெரம்பலூரில்.

"நீ வந்து பட்டம் கட்டணும்ணே. வேற யாரு இருக்கா?"

மணப்பெண் நெற்றியில் பட்டம் கட்டுவது எங்களில் தாய்மாமன் செய்ய வேண்டிய காரியம். செல்விக்கு அண்ணன் என்று நான் ஒருவன்தான். "வரேம்மா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன அன்றிலிருந்து பயம் பிடித்துக்கொண்டது.

காரணம், போன தடவை. செல்வி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போனபோது, பயண அலுப்பும் நேர மாற்றமும் சேர்ந்து என் தூக்கம் கலைந்தது. வேலை கிடக்கிறதே என்று நானும் விடிய விடிய முழித்திருந்தேன். சில நாளில் பைப்பு முழுசாகத் திறந்துகொண்டது. பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் நின்று அரியலூர் பஸ் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று டிரைவர்களுக்கு உத்தரவு போட்டேனாம். கயல் அப்போது சின்னப் பிள்ளை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றாளாம். "பிளேன்ல வந்த சூடு" என்று செல்வி ஊருக்குச் சொல்லிச் சமாளித்தாள்.

அதனால் இங்குள்ள டாக்டரம்மா ஒரு நிபந்தனை வைத்திருந்தார். பயணத்துக்கு முன்னால் தூக்கம் கெட்டால் தன்னிடம் மறைக்கக் கூடாது. பார்த்துவிட்டுத்தான் போகலாமா வேண்டாமா என்று சொல்வார்.

டிக்கெட் எடுத்த வாரமே தூக்கம் போயிற்று.

இந்த இடத்தில் என் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். சொன்னால் பயணத்தை நிறுத்திவிடுவாரோ என்று பயம். பட்டம் கட்ட ஆள் இல்லாமல் தங்கை மணவறையில் நிற்பாள். சொல்லாமல் போய், மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பைப்பு திறந்துகொண்டால் அபி வாழ்க்கை என்ன ஆவது? இதை நினைத்தால் தூக்கம் வராது. தூக்கம் வரவில்லையே, நோய்தான் வந்துவிட்டதோ என்று அடுத்த நினைப்பு. அது இன்னும் கொஞ்சம் தூக்கத்தைக் கொண்டுபோகும். நாய் தன் வாலைத் துரத்துகிற கதை.

மலர் கண்டுபிடித்துவிட்டாள். கல்லில் தோசை கருகிய வாசனையோடு நான் வீட்டுக்கு வந்த அன்று, "உங்களுக்கு தோசை தீயாதே" என்றாள். அவ்வளவுதான், ஆஸ்பத்திரிக்கு நேரம் வாங்கிவிட்டாள். அன்றைக்கு அவளுக்கு வேலை. கயலுக்குப் பள்ளி விடுமுறை. "உங்கப்பா டாக்டர்கிட்ட ஃபைன் ஃபைன்னு சொல்லிட்டு வந்துடுவாரு. நீ கூடப் போயி உக்காரு" என்று அனுப்பி வைத்தாள். கயல் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, "ஓகேம்மா" என்றாள்.

4

சமையல் விஷயம் பேச என் இங்கிலீஷ் போதும். மனசு விஷயம் பேசப் போதாது. அதனால் எப்போதும் போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கேட்பேன். சொந்தப் பிள்ளையை வைத்து மொழிபெயர்க்கக் கூடாது என்று அங்கே விதி இருக்கிறது. கயல் மூலையில் உட்கார்ந்து தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேசை மேலிருந்த போனில் ஓர் அம்மா வந்தார். யாழ்ப்பாணத் தமிழ். குரல் அன்பாக இருந்தது. ஆனால் லைன் சரியில்லை, கரகரவென்று இருந்தது.

"வணக்கம் ஐயா. உங்களுக்கு நித்திரை எப்பிடி எண்டு டொக்டர் கேக்கிறா."

நித்திரை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு பஞ்சாங்கம் படிக்கிற மாதிரி மரியாதை வந்துவிடும். நிமிர்ந்து உட்கார்ந்தேன். மலர் சொன்னபடியே, எப்படியாவது ஃபைன் என்று முடித்துவிடத்தான் பார்த்தேன்.

"பெருசா ஒண்ணுமில்லைங்க. ஒரு தூக்கம் போட்டா எல்லாம் சரியாயிடும்னு சொல்லுங்க."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு அந்த அம்மா இங்கிலீஷில் மெதுவாக ஏதோ சொன்னார். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு தணிந்த குரலில் கேட்டார். போனிலும் குரல் தணிந்தது.

"ஐயா, எப்ப இருந்து இப்பிடி யோசிக்கிறீங்கள்?"

"எப்பவும் இப்படித்தாங்க. எங்க ஊர்ல எல்லாருமே இதைத்தான் சொல்லுவோம்."

"இண்டைக்கும் அந்த எண்ணம் இருக்கோ?"

"இருக்குங்க. வூட்டுக்குப் போனதும் மத்தியானம் ஒண்ணு போடலாம்னு இருக்கேன்."

"அதுக்கு ஏதும் ஆயத்தம் செய்து வைச்சிருக்கிறீங்களோ, ஐயா?"

எனக்கு அவர்மேல் பிரியமாகிவிட்டது. யாரென்றே தெரியாத ஒருவன் தூங்குவதற்கு இவ்வளவு அக்கறையா என்று.

"செஞ்சிருக்கோங்க. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டாச்சு. ரூமு இருட்டா இருந்தாத்தான் சரியா வரும்."

டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் மூலையிலிருந்து கயல் எழுந்து வந்தாள். காதில் இருந்த ஒயரைப் பிடுங்கியிருந்தாள். "நோ, நோ, நோ" என்று இரண்டு கையையும் ஆட்டினாள். பிறகு போனுக்குக் குனிந்து தமிழில், அதுவும் அப்படியே எங்கள் பக்கத்துத் தமிழில் சொன்னாள்:

"ஆன்ட்டி, தூக்கு இல்ல. தூக்கம். ஒரு தூக்கம் போட்டா. சும்மா படுத்து எந்திரிக்கிறது. எனக்குக் காய்ச்சல் வந்தாலும் இதைத்தான் சொல்லுவார். எக்ஸாம் போனாலும் இதைத்தான் சொல்லுவார். அம்மாவோட சண்டை போட்டாலும் இதேதான். ஒரு தூக்கம் போடு, சரியாயிடும்."

போனில் அந்த அம்மா, "ஐயோ கடவுளே" என்றார். "தூக்குப் போட்டா எண்டு எனக்குக் கேட்டதப்பா. எங்கட ஆக்கள் நித்திரை கொள்ளுறது எண்டுதானே சொல்லுவம்." அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். டாக்டரம்மா, இதைக் கேட்பது என் வேலை என்று சொல்லி, அந்த எண்ணம் ஏதும் உண்மையில் இருக்கிறதா என்று என் முகத்தைப் பார்த்து நேராகவே கேட்டார். இல்லை என்று நானும் நேராகவே சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார்.

எனக்கு என்னவோ வேறொன்று மனதில் ஓடியது. இந்தப் பிள்ளை "ம்" "ம்" என்று சொல்லிக்கொண்டே இதையெல்லாம் காதில் வாங்கி வைத்திருக்கிறாளே.

அதற்குப் பிறகு ஃபைன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணம், பட்டம், போன தடவை பஸ் ஸ்டாண்டு, தோசை தீய்ந்தது. டாக்டரம்மா கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அது நீளமாக இருந்தது. போனில் அந்த அம்மா இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி மொழிபெயர்க்க முயன்றார். கயலுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. விதியை மறந்து குறுக்கே வந்தாள்.

"அப்பா, தூக்கம் வரலையா, வேணாமா?"

நான் யோசித்தேன். இருபது வருஷமாக இந்த இரண்டையும் ஒன்றாகவே கட்டி வைத்துப் பயந்துகொண்டிருந்தேன். ஆலத்தியூரில் எனக்குத் தூக்கம் வேண்டியிருக்கவில்லை. கொஞ்சம் சாய்ந்தால் போதும், உடம்பு துள்ளும். இப்போதோ காலையில் எழுந்தால் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. மாவுப் பாத்திரத்தைத் தூக்கும்போது கண் சொருகுகிறது. தூக்கம் கிடைத்தால் காலில் விழுந்து கும்பிடுவேன்.

"வேணும்" என்றேன். "வேணும்மா. வரமாட்டேங்குது."

டாக்டரம்மா முகத்தில் சிரிப்பு வந்தது. எனக்குப் புரிகிற இங்கிலீஷில் சொன்னார். தூக்கம் வேண்டாம் என்று உடம்பு சொன்னால் அது நோயின் வாசல். வேண்டும் என்று ஏங்கியும் வராவிட்டால், பெரும்பாலும் அது கவலை. தங்கை மகள் கல்யாணத்தை நினைத்து எந்த மாமனுக்கும் வருகிற கவலை. அதையும் அப்படியே விட முடியாது, தூக்கம் தொடர்ந்து கெட்டால் நோயைக் கிளப்பிவிடும் என்று ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். சில நாளைக்கு மட்டும் சின்னதாக ஒரு மாத்திரை சேர்த்தார். பயணத்துக்கு முன்னால் மறுபடி வந்து காட்டச் சொன்னார். போகலாம், ஆனால் அங்கே எந்தக் காரியமானாலும் ராத்திரி தூங்கியே ஆக வேண்டும். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி கண்டிப்பாக.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, "வெறும் கவலைதானாம்" என்று கயலிடம் சொன்னேன். "வெறும் கவலைதான்." இரண்டு மூன்று தடவை சொன்னேன் போலிருக்கிறது. வாழ்நாளெல்லாம் கவலைப்பட்டவனுக்குக் கவலை என்ற சொல் அன்றைக்கு இனித்தது.

"ஓகேப்பா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வீட்டுக்குப் போய் ஒண்ணு போடுங்க" என்றாள்.

5

மலேசியா வழியாகத் திருச்சியில் இறங்கினோம். ராத்திரி தங்குவது பெரம்பலூரில் செல்வி வீட்டில். ஒரு வாரம் முன்னாலேயே போய்விட்டதால் உடம்பு நேரத்துக்குப் பழக இடம் இருந்தது. வெயில் காலம், மாத்திரை போடுகிறவன் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று கயல் ஒரு பாட்டிலோடு பின்னாலேயே வந்தாள். பத்திரிகை வைக்க அரியலூர் போனபோதுகூட, ஒவ்வொரு வீட்டிலும் காப்பி கொடுக்க வந்தவர்களை "காப்பி வேணாங்க, தூக்கம் கெட்டுடும்" என்று தடுத்துவிட்டாள். "பொண்ணா இது, மாமியாரா?" என்று கேட்டார்கள். காலையில் எழுந்ததும் முதல் கேள்வி: "வந்துச்சாப்பா?" நான் "வந்துச்சு" என்றால் போய்ப் பல் துலக்குவாள்.

சிக்கல் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரிதான். விடிவதற்கு முன்னால் முகூர்த்தம். அதற்கு முன் பெண்ணழைப்பு, விருந்து, விடிய விடிய சீர்வரிசை அடுக்குகிற வேலை. எங்கள் பக்கம் கல்யாண வீட்டில் முழித்திருக்கிறவன்தான் உழைக்கிறவன். தாய்மாமன் தூங்கினால் தேர் இழுக்கிற நேரத்தில் வடத்தை விட்ட மாதிரி.

செல்வியிடம் டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். பூக்கட்டைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ பட்டம் கட்டுற நேரத்துக்கு நிதானமா நின்னாப் போதும். சட்டி பானை அடுக்க நூறு பேரு இருக்கான். மாடி ரூம்ல போய்ப் படு. கேக்குறவனுக்கு நான் சொல்லிக்கிறேன்."

மாத்திரையைப் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனேன். அந்த நேரம் ஆஸ்திரேலியாவில் நடு ராத்திரி தாண்டியிருக்கும்; பழைய நேரத்தை முழுசாக மறக்காத உடம்பும் ஒத்துழைத்தது. ஆனால் ஜன்னலுக்கு நேராக ரேடியோ செட்காரன் ஸ்பீக்கர் குழாய் கட்டியிருந்தான். சுவர் அதிர்ந்தது. இன்றைக்கு அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூடியது ஞாபகம் இருக்கிறது. அதற்கு மேல் நடந்தது மலரும் செல்வியும் சொன்னது.

கீழே பெண்ணழைப்புக்கு ஆள் சேர்ந்தபோது நடேசன் சித்தப்பா ஆரம்பித்திருக்கிறார்.

"மாமன்காரன் எங்கடி? மாமன் இல்லாம என்ன பொண்ணழைப்பு?"

"மேல படுத்துருக்கு சித்தப்பா. மேலுக்கு முடியல."

"மேலுக்கு முடியலையா, உள்ள எறங்கிருச்சா?" என்று கட்டைவிரலை வாய்க்குக் காட்டியிருக்கிறார். நாலு பேர் சிரித்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா பக்கத்தில்தான் நின்றிருக்கிறார். செல்வி பிறகு என்னிடம் சொன்னாள்: "குடிச்சுருக்கேன்னு நெனச்சாலும் பரவால்லன்னு வுட்டுட்டேண்ணே. அது எல்லா கல்யாணத்துலயும் இருக்கறதுதானே. இன்னொண்ணத்த எப்படிச் சொல்றது?"

கயல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்திருக்கிறாள், என் அறைக்குக் காவலாக. அவள் இறங்கி வந்தாள். சித்தப்பாவிடம் போகவில்லை. நேராக மாப்பிள்ளையின் அப்பா முன்னால் போய் நின்றாள்.

"அங்கிள், அப்பா குடிக்கமாட்டார். அவருக்கு பைபோலார் இருக்கு. நைட் தூங்கலன்னா ஒடம்புக்கு முடியாமப் போயிடும். அந்த ஸ்பீக்கரைக் கொஞ்சம் கொறைக்கச் சொல்றீங்களா? ப்ளீஸ்."

மலர் சொன்னாள், கையிலிருந்த ஆரத்தித் தட்டு அவளுக்குக் கனத்துவிட்டதாம். இருபது வருஷமாகப் பொத்தி வைத்ததைப் பிள்ளை பத்துச் சொல்லில் நடு மண்டபத்தில் போட்டு உடைத்துவிட்டாள்.

அந்த மனிதர் கயலைப் பார்த்தார். "அது மனசு சம்பந்தப்பட்டதுதானம்மா?" என்று கேட்டார்.

"ஆமா."

"மாத்திரை போடுறாரா?"

"டெய்லி."

"அப்பறம் என்ன" என்றார். பிறகு செல்வியின் பக்கம் திரும்பி, "ஏம்மா, இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? குடிச்சுட்டுக் கெடக்குறாருன்னு நானே உள்ளுக்குள்ள திட்டிக்கிட்டிருந்தேன். மில்லுல சீசன் வந்தா மாசக்கணக்கா நைட் ஷிப்ட் பார்த்தவன் நான். தூக்கம் கெட்டா ஆளு என்னாவான்னு எனக்குத் தெரியாதா?" என்றார்.

அவரே வாசலுக்குப் போய் ரேடியோ செட்காரனைக் கூப்பிட்டிருக்கிறார்.

"யப்பா, அந்தக் குழாயை ரோட்டுப் பக்கம் திருப்பு. சத்தத்தைக் கொறை."

"பொண்ணழைப்பு நேரங்க. கொறைச்சா நல்லாருக்காதே."

"பொண்ணுக்கு மாமன் தூங்குறாரு. காலையில பட்டம் கட்டணும். நிறுத்தவே நிறுத்திடு, போ."

பாட்டு நின்றுவிட்டது. மேளக்காரர்கள் மட்டும் தெரு முனை வரைக்கும் போய் வாசித்துவிட்டு, மண்டபத்தை நெருங்கும்போது அவர்களாகவே கையை அடக்கிக்கொண்டார்களாம். பெரம்பலூரில் பாட்டுச் சத்தமில்லாமல் பெண்ணழைப்பு நடந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். சித்தப்பாவின் கோபம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அவருக்குப் பாட்டு என்றால் உயிர்.

6

யாரும் எழுப்பாமல் நானே எழுந்தேன். தலை தெளிவாக இருந்தது. மாடிப்படியில் கயல் சுவரில் சாய்ந்து, தண்ணீர்ப் பாட்டிலை மடியில் வைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். கீழே யாரோ தேங்காய் உடைக்கிற சத்தம்.

மணவறையில் அபி நெற்றியில் பட்டம் வைத்துக் கட்டினேன். விரல் லேசாக நடுங்கியது. அது மாத்திரையால் வருகிற நடுக்கம், பழகியதுதான். முடிச்சு இறுகவில்லை. கயல் பின்னாலிருந்து ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டாள், நான் இன்னொன்றை இழுத்தேன். அபி தலை குனிந்தபடியே, "மாமா, நல்லாத் தூங்குனீங்களா?" என்று கேட்டாள். மணப்பெண்ணுக்கு அந்த நேரத்தில் அதுவா கவலை.

பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நோயைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அங்கே கரும்பு விளையுமா, என்ன ரகம் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் விசாரிக்கவில்லை. அது இப்போதைய கவலை.

சித்தப்பா எதிர் வரிசையில் இருந்தார். பாயசத்தை இலையில் வழித்துக்கொண்டே எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்டார்.

"என்னடா சேகரு, ராத்திரி நல்ல தூக்கமா?"

ஊரில் எல்லாரும் எல்லாரிடமும் காலையில் கேட்கிற கேள்விதான் அது. எத்தனையோ வருஷம், எத்தனையோ ஊரில், கண் எரிய எரிய நான் "ஆமா" என்று பொய் சொன்ன கேள்வி. பக்கத்தில் கயல் அப்பளத்தை உடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆமாங்க சித்தப்பா" என்றேன். "நல்ல தூக்கம்."